கோவிட் ஊசிக்குப் பிறகு எந்த ஊசியும் வேண்டாம் என்கிற அண்ணனிடம் எப்படிப் பேசுவது?

தங்கச்சி, நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். இங்கே மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் உங்கள் அண்ணன் நன்றாகப் படித்தவர், இன்ஜினியர். 2021இல் வேலைக்காக வேறு வழியில்லாமல் கோவிட் ஊசி இரண்டும் போட்டுக்கொண்டார், பூஸ்டருக்குப் போகவில்லை, அதிலிருந்து ஊசி என்று யார் வாயைத் திறந்தாலும் கோபம் வருகிறது. இப்போது பத்து மாதக் குழந்தைக்குத் தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசி வேண்டாம் என்று நிற்கிறார். ‘படித்தவருக்கே ஏன் இப்படிப் புத்தி போகிறது, எப்படிப் புரிய வைப்பது’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ‘ஒருவேளை அவர் சொல்வதிலும் ஏதாவது இருக்குமோ’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் நீங்கள் ஒரு தெளிவுக்கு வராமல் அண்ணனிடம் போனால், பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அவர் உங்களை மடக்கிவிடுவார்.

நான் டாக்டர் இல்லை. பட்டர்வொர்த் பக்கம் அரசாங்க கிளினிக்கில் தாய்சேய் பிரிவில் நெடுங்காலம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள். 2021இல் கோவிட் ஊசி மையத்திலும் வேலை பார்த்தேன். அதனால் ஊசி எப்படிப் போடப்படுகிறது, போட வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், கேட்காமல் எதை மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் பழக்கமானவை. ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு ஒரு ஊசி ஆகுமா ஆகாதா என்பதை மட்டும் குழந்தையைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும், இங்கே எழுதுகிற யாரும் சொல்லக்கூடாது.

சரி, உங்கள் அண்ணன் பேச்சில் நியாயம் இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. 2021 தொடக்கத்தில் நமக்கெல்லாம் சொல்லப்பட்டதை நினைத்துப் பாருங்கள். நாட்டு மக்களில் 80 விழுக்காட்டினர் போட்டுக்கொண்டால் கூட்டு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், தொற்று அடங்கிவிடும் என்று சொன்னார்கள். டெல்டாவும் அதன் பின்னால் ஓமிக்ரானும் வந்து அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டன. இரண்டு ஊசி போட்டவருக்கும் கோவிட் வந்தது, பூஸ்டர் போட்டவருக்கும் வந்தது. கிருமி உருமாறியதால் நடந்தது அது, யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு ஏமாற்றியதில்லை. ஆனால் ஜனங்கள் காதில் ‘போட்டால் வராது’ என்றுதான் விழுந்திருந்தது, அதை யாரும் பிறகு வந்து பொறுமையாகத் திருத்திச் சொல்லவும் இல்லை. அப்புறம் கட்டாயம். 2021 ஆகஸ்டிலிருந்து ஊசி முடித்தவர்தான் கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வந்தது. நவம்பர் 1ஆம் தேதிக்குள் கூட்டரசு (மத்திய அரசாங்க) ஊழியர்கள் போட்டு முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தனியார் கம்பெனிகளும் அதே வழியில் போயின. டெல்டா அலை அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அந்தக் கெடுபிடி பல உயிர்களைக் காப்பாற்றியது என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் ஆசைப்பட்டு வரிசையில் நின்றவரும் வேலை போய்விடுமே என்று நின்றவரும் ஒரே ஊசியைத்தான் போட்டுக்கொண்டார்கள் என்றாலும், வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேர் மனமும் ஒன்றாக இல்லை. உங்கள் அண்ணன் இரண்டாவது ஆள். அவருடைய கோபத்தில் பாதி மருந்தின் மேல் உள்ளதே இல்லை, தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய வைத்தார்களே என்ற மனக்குறைதான்.

பக்கவிளைவு விஷயத்திலும் அவர் முழுக்கத் தப்பாகப் பேசவில்லை. அஸ்ட்ராஸெனெகா ஊசி போட்ட மிகச் சிலருக்கு இரத்தத் தட்டணு குறைந்து, அதோடு இரத்தம் உறையும் ஆபத்தான நிலை வந்தது. ஏறத்தாழ 50,000 முதல் 100,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில் அது நிரூபணமான விஷயம், வதந்தி கிடையாது. ஃபைசர் மாதிரியான எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு இதயத் தசை வீங்குவது, அதிலும் இரண்டாவது ஊசிக்குப் பிறகு இளம் ஆண்களுக்கு, அதுவும் உண்மை. பெரும்பாலானோர் சில நாட்களில் குணமாகிவிட்டார்கள். கோவிட் நோயே இதயத் தசையை வீங்க வைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நம் அரசாங்கமே 2021இல் தனியாக ஒரு நிதி ஒதுக்கி, ஊசியால் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் தங்கியவருக்கு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, நிரந்தர ஊனமோ இறப்போ ஏற்பட்டால் 500,000 வெள்ளி வரை என்று அறிவித்தது. ஆபத்தே கிடையாது என்றால் அந்த நிதிக்கு அவசியம் இல்லை. இதையெல்லாம் அண்ணன் உங்களிடம் எடுத்துப் போட்டால், ‘அதெல்லாம் பொய்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘ஆமாம், இது நடந்தது’ என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்கிறவரோடுதான் அடுத்த பேச்சுக்கு வருவார்.

இந்த அஸ்ட்ராஸெனெகா விஷயத்தில் நான் இன்னும் யோசித்துப் பார்க்கும் ஒன்று உண்டு. 2021 ஏப்ரல் கடைசியில், மக்கள் பயப்படுகிறார்கள் என்று அந்த ஊசியை நாட்டின் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்து, விரும்புகிறவர்கள் தாங்களே பதிந்துகொள்ளலாம் என்று கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். 268,600 இடங்கள், சில மணி நேரத்தில் தீர்ந்துபோயின. ஒரே மருந்து, அதே வாரம். கொடுத்தபோது வேண்டாம் என்று ஒதுக்கினார்கள், விரும்பினால் வரலாம் என்றதும் இடம் கிடைக்காமல் தவித்தார்கள். வந்தவர்கள் அதே ஆட்கள் இல்லைதான், நிறைய பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்த இளைஞர்கள். ஆனாலும் ஒருவர் ஊசிக்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் மருந்தின் தன்மையை மட்டும் பார்த்து எடுக்கிற முடிவு இல்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

இனி உறுதியாகச் சொல்லக்கூடியது. கோவிட் ஊசி கடுமையான நோயையும் சாவையும் வெகுவாகக் குறைத்தது, வயதானவர்களுக்கும் சர்க்கரை, சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் கூடுதலாக. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 2021 ஆகஸ்ட் 26இல் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. அதற்கு முந்தைய மாதம் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்ததை எல்லாரும் பார்த்தோம். நம் வீடுகளில் எத்தனையோ பேர் அப்பா அம்மா முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்க முடியாமல், வீட்டில் வைத்துச் சடங்கு செய்ய முடியாமல் நேராகத் தகனத்துக்கு அனுப்பினார்கள். அக்டோபர் பத்தாம் தேதி வாக்கில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் இரண்டு ஊசியும் முடித்திருந்தார்கள். 2022 மார்ச்சில் ஓமிக்ரான் வந்து நாளொன்றுக்கு 30,000ஐத் தாண்டியபோது, டெல்டா காலத்தைவிடத் தொற்று அதிகம், சாவு அதைவிட மிகக் குறைவு. ஓமிக்ரானே கொஞ்சம் லேசானது என்பதும் ஒரு காரணம், அதை மறைக்கக்கூடாது. ஆனால் அதே மாதங்களில் ஹாங்காங்கில் ஊசி போடாத முதியவர்கள் அதே ஓமிக்ரானால் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். லேசான கிருமி என்றாலும் ஊசி போடாத முதிய உடம்புக்கு அது லேசாக இருக்கவில்லை. இதற்கு எதிர்ப்பக்கம், நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞர் இன்னும் எத்தனை பூஸ்டர் போட வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு முடிவு. பூஸ்டர் வேண்டாம் என்று உங்கள் அண்ணன் இருந்தது பெரிய குற்றம் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள்.

நம் ஆட்களிடம் ஒரு பெரிய பயம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி சென்னையில் மக்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி காலமானார். அந்த வாரம் பினாங்கில் என் கைப்பேசிக்கு வந்த வாட்ஸ்அப் எல்லாம் அதுதான், பெயர் பதிந்து வைத்திருந்தவர்கள்கூடப் பின்வாங்கினார்கள். அவருடைய இதய இரத்தக் குழாய் ஒன்று முழுவதும் அடைபட்டிருந்தது என்று மருத்துவமனை சொன்னது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று இந்திய அரசின் ஆய்வுக் குழு சில மாதம் கழித்து முடிவு சொன்னது. அவர் போட்ட கோவேக்சின் நம் நாட்டுத் திட்டத்தில் இல்லவே இல்லை, இங்கே பெரும்பாலும் ஃபைசர், சினோவேக், அஸ்ட்ராஸெனெகாதான். இத்தனையும் சொன்னாலும் பயம் போகவில்லை, ஏனென்றால் போனது நம்மைச் சிரிக்க வைத்த மனிதர், வீட்டு ஆள் மாதிரி. ஒரு நாளைக்கு லட்சக்கணக்கானோருக்கு ஊசி போடும்போது, ஊசியே இல்லாவிட்டாலும் அந்த வாரம் மாரடைப்பு வரவிருந்த சிலரும் அதில் இருக்கத்தான் செய்வார்கள். ஊசிக்குப் பின்னால் நடந்ததா, ஊசியால் நடந்ததா என்பதைப் பிரிப்பதற்கு முக்கியமான வழி, போட்டவர்களிடமும் போடாதவர்களிடமும் அதே நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது. அஸ்ட்ராஸெனெகாவில் இரத்தம் உறையும் பிரச்சினையை உறுதிசெய்ய உதவியதும் இதே முறைதான். எண்ணுகிறவர்கள் மறைக்கிறவர்களாக இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. இந்த ஒன்றை உங்கள் அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள், இன்ஜினியருக்குப் பிடிபடும்.

மையத்தில் நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 2021 ஜூலையில் சில இடங்களில் வெறும் சிரிஞ்சைக் குத்தி அனுப்புகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அதன் பிறகு மருந்து ஏற்றிய சிரிஞ்சைப் போடுவதற்கு முன்னும், போட்ட பிறகு காலியானதையும் காட்ட வேண்டும், விரும்பினால் ஊசி போட வந்தவர் படமும் எடுக்கலாம் என்று விதி வந்தது. தொழிற்சாலை சூப்பர்வைசர், ஐம்பது வயதைத் தாண்டியவர், உட்காரும்போதே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ‘மிஸ்ஸி, நல்லா காட்டுங்க’ என்று கறாராகக் கேட்டார். ஃபைசர் என்றால் ஒருவருக்கு 0.3 மில்லிதான், சிரிஞ்சில் பார்க்கும்போது சொட்டு மாதிரி இருக்கும். கோடு எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டினேன். குப்பியில் உப்பு நீர் கலந்து, குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலப்போம், ஆறு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிடுவோம் என்றெல்லாம் சொன்னேன். கைப்பேசியை இறக்கினார். ‘இவ்வளவுதானா’ என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ‘எனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு, இரத்தம் கெட்டியாகாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன், பரவாயில்லையா?’ என்று கேட்டார். அதுதான் அவருடைய பயம். வீடியோ, காலி சிரிஞ்சு எல்லாம் மேலே போர்த்திக்கொண்டது. டாக்டரிடம் அழைத்துப் போனேன். போடலாம், ஊசி எடுத்ததும் பஞ்சை வைத்துக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்திப் பிடித்தால் போதும் என்றார். அமைதியாகப் போட்டுக்கொண்டு போனார்.

வேண்டாம் என்று சொன்னவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான், உள்ளே வேறொன்று இருக்கும். ஒருவருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம், அதைச் சொல்ல வெட்கம். ஒருவர் தினக்கூலி, மறுநாள் காய்ச்சல் வந்தால் சம்பளம் போய்விடும். தோட்டத்துப் பக்கம் இருக்கும் பாட்டிக்கு ஊசிக்குப் பெயர் பதியும் மைசெஜாத்ரா செயலி தெரியாது, பேரனைக் கேட்கச் சங்கடம், ‘எனக்கு எதுக்கு, வயசாயிடுச்சு’ என்று முடித்துக்கொள்வார். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றவர்களும் உண்டு, கபசுரக் குடிநீர் குடிக்கிறேன் அது போதும் என்றவர்களும் உண்டு. அவர்களிடம் நான் ஒருபோதும் வாதாடியதில்லை. குடிநீரையும் குடியுங்கள், வேப்பிலையையும் வையுங்கள், ஊசியையும் போடுங்கள் என்பேன். நம் தாத்தா பாட்டிமார் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டே கையில் பெரியம்மைத் தடுப்பூசித் தழும்போடுதான் வாழ்ந்தார்கள். நம் மலாய் சகோதரர்களுக்கு ஹலால் பற்றிய கேள்வி இருந்தது. சமய அறிஞர்கள் 2020 டிசம்பரிலேயே கூடிப் பேசி, போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டதால் பலருக்கு மனம் தெளிந்தது. நமக்கு அப்படி ஒரே குரலில் சொல்ல யாரும் இல்லை, அதனால் தெரிந்த ஒரு மிஸ்ஸி, கோயில் தலைவர், பள்ளி ஆசிரியர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பேசிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று நிச்சயம், ‘முட்டாள்’ என்று திட்டு வாங்கி மனம் மாறியவரை நான் பார்த்ததே இல்லை.

இப்போது குழந்தைக்கு வருவோம். கோவிட் ஊசியும் எம்எம்ஆரும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டியவை இல்லை. கோவிட் ஊசி புதிது, அவசரக் காலத்தில் வந்தது, தயங்கியதைப் புரிந்துகொள்ள முடியும். தட்டம்மைத் தடுப்பூசி 1960களிலிருந்து உலகம் முழுக்கப் போடப்படுகிறது. தட்டம்மை மாதிரி வேகமாகப் பரவும் நோய் அரிது. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் பத்துப் பேர் நோயாளியின் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு வரும், அவர் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். அதனால்தான் ஊரில் 95 விழுக்காட்டினர் போட்டிருந்தால்தான் அது பரவாது என்கிறார்கள். நோய் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றுக்கு மூளை வீக்கம் வரும். ஊசியிலும் ஆபத்து பூஜ்யம் கிடையாது, 3,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம், பார்க்கப் பயமாக இருக்கும், பொதுவாகப் பின்விளைவு எதையும் விட்டுச் செல்லாது. ஆட்டிசம் வரும் என்ற பேச்சு 1998இல் வேக்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அதை 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றது, அவர் மருத்துவர் பதிவையும் இழந்தார். டென்மார்க்கில் 650,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசமே இல்லை. எம்எம்ஆரில் பாதரசம் கிடையாது. முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கும் போடலாம், இதை அண்ணி கேட்கக்கூடும்.

‘இந்த நோயெல்லாம் இப்போ எங்கே இருக்கு’ என்பார். இங்கேதான் இருக்கிறது. 2016இல் கெடாவிலும் மலாக்காவிலும் டிப்தீரியாவால் (தொண்டை அடைப்பான்) குழந்தைகள் இறந்தார்கள், தடுப்பூசி போடாத குழந்தைகள். போலியோ நம் நாட்டில் 1992க்குப் பிறகு இல்லை என்று இருந்தது, 2019 டிசம்பரில் சபாவில் ஒரு மூன்று மாதக் குழந்தைக்குத் திரும்ப வந்தது.

எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம், அம்மா முன்னாலும் வேண்டாம், அங்கே அவர் தோற்க முடியாது, அதனால் கேட்கவும் மாட்டார். தனியாக இருக்கும்போது, 2021இல் அவருக்கு என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள், கேட்டுவிட்டு உடனே பதில் சொல்லாதீர்கள். ஊசிக்குப் பிறகு அவருக்கே ஏதாவது படபடப்போ வலியோ வந்து யாரும் காதில் வாங்காமல் அனுப்பியிருக்கலாம். அந்தக் கதை வெளியே வராமல் எம்எம்ஆரைப் பற்றி எவ்வளவு ஆதாரம் கொடுத்தாலும் உள்ளே இறங்காது. அப்புறம், கிளினிக்குக்குப் போவது என்றால் ஊசி போடத்தான் என்று ஆக்கிவிடாதீர்கள். ‘எடை பார்க்கப் போவோம், டாக்டரிடம் உன் கேள்வியை நீயே கேள், பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம்’ என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், குழந்தையின் கிளினிக் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். அண்ணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரவில் காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உட்காரப்போவது பெரும்பாலும் அவர்தான், அவருடைய பயத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம் அட்டவணைப்படி எம்எம்ஆர் ஒன்பது மாதத்தில் ஒன்று, பன்னிரண்டு மாதத்தில் ஒன்று. ஒரு மாதம் தாமதமானதால் எதுவும் கெட்டுப்போகவில்லை, முன்னால் போட்ட மற்ற ஊசிகளையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சம்மதிக்காமல் ஏதாவது ஒன்றுக்குத்தான் தலையாட்டுகிறார் என்றால் தட்டம்மைக்கே சம்மதம் வாங்குங்கள். சம்மதித்துவிட்டால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்: எம்எம்ஆர் காய்ச்சல் அன்றைக்கோ மறுநாளோ வருவதில்லை, வந்தால் ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்து வரும், கூடவே மேலில் லேசாகச் சிவப்புத் தடிப்பும் வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். சொல்லாமல் விட்டால் அந்த எட்டாம் நாள் இரவு அவர் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். சொல்லி வைத்தால் காய்ச்சல் மருந்தை எடை பார்த்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் உங்களுக்குத்தான் போன் போடுவார். வலிப்பு வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ மட்டும் காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.